வாய் இல்லாத தலை

அன்று ஷரீஃப் வீட்டு மாடியறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: திருஞானசம்பந்தம் ஆகிய நான், என் மனைவி நீலாம்பாள், எங்கள் மகள் காவேரி, நீலாம்பாளின் தம்பி தணிகாசலம், ஷரீஃபின் மகன் ஃபைசான், அவனுடைய தாயார் ஷஹர்பானு. ஷரீஃப் கீழே சாயக்கடையில் இருந்தார்; மேலே வரவில்லை. எதிர்வீட்டு வடிவு தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லை. மாடிப்படியில்கூட இல்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பங்குனி உற்சவத்தில் சுவாமிக்குப் பட்டு கொடுக்கும் முறை உண்டு. வீட்டுக்கு மூத்தவன் பட்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு சன்னிதியில் போய் நிற்பான். அவன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். போன உற்சவத்துக்குச் சற்று முன்பு ஒரு காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் என் சட்டையில் ஊற்றியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி இறங்கிக் கிடந்தது. வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பில் வீக்கம், பெரும்பாலானவர்களுக்குத் தானே சரியாகிவிடும் என்றார் டாக்டர். நான் பெரும்பாலானவர்களில் சேரவில்லை. உற்சவத்துக்கு என் தம்பி மகன் சிவராஜை அனுப்பினேன். அன்று தோளிலிருந்து வாய்க்கு ஏறிய துண்டு பிறகு இறங்கவேயில்லை. வீட்டிலும் துண்டோடுதான் இருந்தேன். சாப்பாட்டைத் தனியறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். ஊரில் பலருக்கு எனக்கு என்ன என்றே தெரியாது. பல் கட்டியிருக்கிறார் என்று சிலரும், மாசுக்குப் பயப்படுகிறார் என்று சிலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை.

காவேரியை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தி வீட்டாருக்கு நான் ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன்: அடுத்த பங்குனிக் கொடியேற்றத்துக்குள் அவள் சொந்தக் காலில் நிற்கும்படி ஒரு வேலை கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன். அவளிடமும் அதைச் சொன்னேன். "சரி நைனா" என்றாள். மறுநாளே ஃபைசானிடம் கற்றுக்கொள்ளப் போனாள்.

ஃபைசான் கம்ப்யூட்டரில் உருவம் செதுக்குகிறவன். விளையாட்டுகளிலும் சினிமாக்களிலும் வருகிற பூதம், குதிரை, கிழவன் எல்லாம் இப்படி யாரோ செய்வதுதானாம். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே செய்துகொடுக்கிறான்; காவேரிக்கும் அங்கேதான் வேலை கேட்டிருந்தான். அவன் தாத்தா காலத்திலிருந்து எங்கள் தறிகளுக்குச் சாயம் கொடுத்தது அந்த வீடு. அதனால் நான் தடுக்கவில்லை. காவேரி போகும்போதெல்லாம் ஷஹர்பானு பூவேலைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அதே அறையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். இதை யாரும் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் வந்தான். அவன் வந்தால் நேராக விஷயத்துக்கு வரமாட்டான். மோர் கேட்டான், மின்விசிறியைக் கூட்டச் சொன்னான், வாலாஜாபாத்தில் சம்பந்தியைப் பார்த்ததாகச் சொன்னான். கொடியேற்றம் நெருங்குகிறதே என்று அவர் கேட்டாராம். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, காவேரி இன்னா செஞ்சிக்கினு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க தலைய செய்யுதாம்."

"என் தலையையா?"

"கழுத்தோட. பாய் வூட்டு மாடில. சுத்திச் சுத்திப் பாக்குறாங்களாம்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். என்னைத் தடுக்கத்தான் நீலாம்பாள் கூட வந்தாள். தெருமுனை வரைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், பிறகு அவளுக்கே பார்க்கும் ஆசை வந்திருக்க வேண்டும், பேச்சை நிறுத்தி நடையைக் கூட்டினாள்.

மாடியறையில் எனக்குக் கொடுத்தது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. நிமிர்ந்து உட்கார்ந்தால் பின்னால் போகிறது; காலை ஊன்றினால் திரும்புகிறது. நான் எழுந்து நின்றேன். நின்றால் மின்விசிறிக் காற்று வலது கண்ணில் நேராக அடிக்கிறது. அந்தக் கண் முழுதாக மூடாது, நீர் வழியும். ஜன்னலோரம் போனேன். அங்கே சாயத்தொட்டியின் புளித்த வாடை. திரும்பவும் நாற்காலிக்கு வந்தேன். ஷஹர்பானு, "ஃபைசான், அண்ணனுக்கு வேற குர்சி போடு பேட்டா" என்றாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். காவேரி மேசைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் நான் இருந்தேன்.

என்னுடைய பழைய முகம். பரிவட்டம் கட்டிக்கொண்டு சன்னிதியில் நின்ற முகம். நேரான வாய், இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கிய மீசை, ஒரே உயரத்தில் இரண்டு கண்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஃபைசான் கம்ப்யூட்டர் பேனாவால் லேசாக இழுத்ததும் தலை மெதுவாகச் சுற்றியது. என் பின்னந்தலையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மாமா! அப்பிடியே ராகு மாதிரி இருக்கிறீங்க. தலைதான் கீது, ஒடம்பக் காணோம்" என்றான் தணிகாசலம். பிறகு என் பார்வையைக் கண்டு, "ஆனா களை, மாமா. ராஜ களை" என்று சேர்த்துக்கொண்டான்.

"பொம்மை நல்லாத்தான் இருக்குது" என்றாள் நீலாம்பாள். "அந்தத் தாடைல இன்னாடி நீலம்?"

காவேரி இப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுக்குச் சொல்ல ஏதோ கிடைத்துவிட்டது. வண்ணத்தை ஒரேயடியாகப் பூசக் கூடாதாம். முதலில் தலை முழுவதும் ஒரே நிறத்தை நிரப்ப வேண்டும். பிறகு பிரஷ்ஷின் அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் நெற்றியில் மஞ்சள், ரத்தம் அதிகமாக ஓடும் மூக்கிலும் கன்னத்திலும் காதிலும் சிவப்பு, மழித்த தாடியின் வேர் இருக்கும் தாடையில் நீலம். அதற்கு மேல் தோலின் நிறத்தை மெல்லத் தூவினால் மூன்றும் உள்ளே போய்விடும். போனாலும் உள்ளே இருக்கும்.

"இது புரியறதுக்கே எனக்கு ரொம்ப நாளாச்சுமா. பிரஷ் ஒண்ணுதான், ஆனா அது ரெண்டு வேல செய்யும். மேல எழுப்பும், கலரும் பூசும். கலர் பூசறப்ப எழுப்பறத அணைச்சுடணும். மொத தடவ நைனா நெத்திக்குத் திருநீறு வெச்சேன், அணைக்க மறந்துட்டேன். மூணு கோடும் வரப்பு மாதிரி எழும்பிடுச்சு."

"தண்ணி பாய்ச்சி நாத்து நட்டிருக்கலாம் ஆன்ட்டி" என்றான் ஃபைசான். நீலாம்பாள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. நெற்றியில் திருநீறு இப்போது சரியாக, தோலோடு படிந்திருந்தது.

நீலாம்பாள் திடீரென்று முன்னால் குனிந்தாள். "இன்னாடி இது, உங்க நைனாவுக்கு ரெண்டு மச்சமா?"

எனக்கு இடது காதுக்கு முன்னால் ஒரு மச்சம் உண்டு. திரையில் வலது காதுக்கு முன்னாலும் அதே அளவில், அதே இடத்தில் ஒன்று இருந்தது. காவேரியின் முழங்கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது.

ஃபைசான்தான் சொன்னான். எக்ஸ் என்ற விசையை அழுத்தினால் ஒரு பக்கம் செய்வது மறுபக்கமும் தானாக விழும். முகத்தை அப்படித்தான் தொடங்குவார்கள். பாதி வேலை ஆனதும் அதை அணைத்துவிட வேண்டும். காவேரி கடைசி வரைக்கும் அணைக்கவில்லை. "நானும் சொல்லிக்கினே இருந்தேன் அங்கிள். அக்கா கேக்கல. பாதி போட்டா போதும், மீதி அதுவா வரும், எதுக்கு ரெண்டு வாட்டி செய்யணும்னு கேட்டாங்க."

எனக்கு அதில் ஒரு பிசகும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முந்தானைக்கு எதிரெதிர் மயில் போடும்போது கட்டத்தாளில் ஒரு மயிலைத்தான் வரைவோம். மற்றதைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். இரண்டையும் வரைந்துகொண்டு வருகிறவனைப் பார்த்தால் சிரிப்போம். காவேரி பாவாடை கட்டிய வயதிலிருந்து பாதி மயில் வரைந்தவள்.

"நல்லாத்தானே இருக்கிறது? மச்சத்தை மட்டும் அழித்துவிட்டு இதையே கம்பெனிக்கு அனுப்பு" என்றேன். வீட்டுக்கு வெளியே நான் புத்தகத்தில் எழுதுவது போலத்தான் பேசுவேன். துண்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் பேச்சு இன்னும் கறாராகக் கேட்கும்.

"இத அனுப்பித்தான் நைனா திருப்பிட்டாங்க." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "கை நல்லா இருக்குது, கலர் நல்லா இருக்குது, ஆனா இது ஆள் இல்ல, முகமூடின்னு சொல்லிட்டாங்க. எந்த மனுசனுக்கும் ரெண்டு பாதியும் ஒண்ணா இருக்காதாம். நெசமான ஒரு வயசானவர் தல வேணும். நாளைக்குக் காலைல அனுப்பணும். இதோட சரி. வேலை குடுக்கறதும் குடுக்காததும் இதுலதான்."

தணிகாசலம் என் பக்கத்தில் வந்து நின்றான். என் காதருகில் பேசினான். ஆனால் அவன் குரல் காதோடு நிற்கும் குரல் இல்லை. "மாமா, விட்டுடுங்க. வேல வரலன்னா வரல. வாலாஜாபாத்துல கொண்டுபோய் விட்டுடலாம், உங்க வார்த்தையும் நின்னுடும். இந்தத் தலைய நான் மெஷின்ல வெள்ளையா பொம்ம எடுத்து நம்ம நெசவாளர் சங்க மண்டபத்துல வெச்சுடறேன். பழைய களையோட அப்பிடியே நிக்கும்."

நான் மறைக்கப்போவதில்லை, அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மண்டபத்தில் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த நேரான வாயை. கொடுத்த வார்த்தையும் நிற்கும். குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. நான் வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டேன். மற்றக் காலுக்குச் செருப்பைத் தேடும்போது ஷஹர்பானு பூவேலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அண்ணே, அந்த இன்னொரு தலையையும் பாத்துட்டுப் போங்க."

"வேணாம் ஆன்ட்டி" என்றாள் காவேரி.

"ஃபைசான், காட்டு."

அவன் தாயின் முகத்தையும் காவேரியின் முகத்தையும் பார்த்தான். பிறகு காட்டினான்.

இந்தத் தலைக்கு ஒரே மச்சம்தான். நெற்றியின் இடது பாதியில் கோடுகள் இருந்தன. வலது பாதி கோடில்லாமல் வழுவழுப்பாக இருந்தது. வலது புருவம் இறங்கியிருந்தது. வலது கண்ணின் கீழிமை சற்றே விலகி, உள்ளே இருக்கும் சிவப்பு ஒரு நூலளவு தெரிந்தது. அதில் நீரின் பளபளப்பு. இதையெல்லாம் அவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பேப்பர் படிக்கும்போதோ, தறியறை வாசலில் நிற்கும்போதோ பார்த்திருக்க வேண்டும். என் துண்டுக்கு மேலே என்னென்ன உண்டோ அவ்வளவும் அங்கே இருந்தது.

மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. உதடு இல்லை, வாய்க்கோடு இல்லை. மூக்கிலிருந்து தாடை வரைக்கும் உரித்த முட்டை மாதிரி இருந்தது.

"அம்மாவைக் கேட்டுக் கேட்டு செஞ்சு பாத்தேன் நைனா" என்றாள். "எப்பிடிப் போட்டாலும் வேற யாரோ மாதிரி ஆயிடுச்சு. தேச்சு அழிச்சிட்டேன்."

நீலாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தணிகாசலம், "வாங்க மாமா, போலாம். நீங்க எதுக்கு இதெல்லாம்" என்று என் முழங்கையைத் தொட்டான்.

நான் யோசித்தது இதுதான். நேரான வாயோடு என் தலை மண்டபத்தில் இருக்கலாம். கோணல் வாயோடு இருப்பது வேண்டாம். ஆனால் வாயே இல்லாத ஒரு தலை, எங்கள் வீட்டுத் தலை, என் மகள் செய்தது, ஒரு கம்ப்யூட்டருக்குள் இப்படிக் கிடக்கிறது. எங்கள் வம்சத்தில் யாரும் வாயில்லாமல் இருந்ததில்லை.

"நீ உட்கார்" என்று தணிகாசலத்திடம் சொன்னேன். மாட்டிய செருப்பைக் கழற்றினேன். அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அது திரும்பாதபடி இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, துண்டை எடுத்து மடியில் வைத்தேன்.

காற்று வாயில் பட்டது. ஷஹர்பானுவின் ஊசி நிற்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்காமல் பூவின் அடுத்த இதழுக்குப் போனாள். தணிகாசலம் பார்த்தான். பார்த்தவன் வாயை மூட மறந்தான். "வாய மூடுடா" என்றாள் நீலாம்பாள் தம்பியிடம்.

காவேரி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் முழங்கால் இடிக்கும்படி வந்தாள். அவள் என்னை மகள் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. நெய்து முடித்த சேலையை வெளிச்சத்தில் பிடித்து நான் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தாள். முழங்கால் ஆட்டம் நின்றுபோயிருந்தது.

"இந்தப் பக்கம் திரும்புங்க நைனா. சிரிங்க."

"எதற்குச் சிரிக்க வேண்டும்?"

"எவ்ளோ இழுக்குதுன்னு தெரியணும்."

"சிரிக்க மாட்டேன்."

"அப்ப கோவப்படுங்க."

"அதக் கேட்டு வேற வாங்கணுமா இன்னா" என்றாள் நீலாம்பாள்.

காவேரி திரைக்குத் திரும்பினாள். எக்ஸ் அணைந்திருக்கிறதா என்று ஃபைசான் எட்டிப் பார்த்தான்; அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். வழுவழுப்பான இடத்தில் முதலில் ஒரு கீறல் விழுந்தது. கீறலுக்கு மேலும் கீழும் களிமண்ணை அப்புவது போல அப்பினாள், உதடுகள் எழும்பின. பிறகு பெரிய பிரஷ்ஷை எடுத்து வாயின் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தாள். இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கத்துக் கன்னத்தில் மடிப்பு விழுந்தது. மற்றப் பக்கம் தொய்ந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் என் வாயில் யாரோ விரலை மாட்டி இழுப்பது போலிருந்தது. நான் நாற்காலியில் அசைந்தேன், நாற்காலி கிறீச்சிட்டது.

"தப்பு" என்றேன். "பக்கம் மாறிவிட்டது. வாய் அந்தப் பக்கம் போகாது. இந்தப் பக்கம் போகும்."

காவேரி பேனாவைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஃபைசான் தரையைப் பார்த்தான்.

"தினமும் பார்க்கிற முகம் எனக்குத் தெரியாதா? மாற்று."

நீலாம்பாள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "நீங்க பாக்கறது கண்ணாடிலங்க" என்றாள். "கண்ணாடில எல்லாம் பக்கம் மாறித் தெரியும். எங்களுக்கு நீங்க எதிர்ல இருக்கிறீங்க. எங்களுக்கு இப்பிடித்தான் தெரியுது."

நான் திரையைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு வருடமாக நான் மறைத்துவைத்திருந்த முகம் இது இல்லை. நான் மறைத்தது கண்ணாடிக்குள் இருந்த வேறொன்றை. இந்த ஆள் எனக்கு அறிமுகமே இல்லை. கோபக்காரனாகத் தெரிந்தான். எங்கள் அப்பாவின் சாயல் அவனிடம் இருந்தது. நேரான வாயோடு இருந்த தலையில் அது இல்லை.

"மாத்தணுமா நைனா?" என்று கேட்டாள் காவேரி.

"எது சரியோ அதைப் போடு."

அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. உதட்டுக்கு நிறம் வைத்தாள். இழுபட்ட பக்கம் சிவப்பு கூட, தொய்ந்த பக்கம் கொஞ்சம் வெளிறல். தாடைக்கு நீலம். அதற்கு மேல் தோலின் நிறத்தைத் தூவினாள். நீலம் உள்ளே போனது. தொய்ந்த ஓரத்தில் ஒரு புள்ளி ஈரம் வைத்தாள். நான் அதைச் சொல்லவில்லை. அவளே பார்த்திருக்கிறாள். கடைசியில், எழுப்புவதை அணைத்துவிட்டு, நெற்றியில் திருநீறு.

முடிந்ததும் தலையைச் சுற்றவிட்டாள். ஷஹர்பானு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "டீ கொண்டாரேன்" என்று எழுந்து போனாள். டீ வந்தது. அவர்கள் எதிரில் குடித்தேன். கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

தலை மறுநாள் காலை சென்னைக்குப் போனது. இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை. காவேரி போனை மேசையில் குப்புற வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடியும் வைக்கிறாள். வாலாஜாபாத்திலிருந்து இரண்டு தடவை பேசினார்கள். கொடியேற்றம் இன்னும் ஆகவில்லை என்றேன். நானும் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். சாப்பிட இப்போது கூடத்துக்கு வந்துவிடுகிறேன். தனியறையில் உட்கார்ந்தால் போன் அடிப்பது கேட்பதில்லை.

அன்று தணிகாசலம் கிளம்பும் முன் தன் போனில் திரையைப் படம் பிடித்திருக்கிறான். அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். என்னைத் துண்டில்லாமல் பார்க்காதவர்கள் அதைப் பார்த்தார்கள். சம்பந்தத்தின் பெண்ணுக்கு வேலை வரவில்லை, பாய் வீட்டுப் பையன் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டான், பெற்ற அப்பன் முகத்தைக் கோணலாக்கிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கோணலாக்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக வடிவு சொல்கிறாளாம்.

அது பொய். ஃபைசான் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தான். காவேரி சரியாகத்தான் செய்திருக்கிறாள். என் வாய் இடப்பக்கம் கோணியிருக்கிறது. எதிரில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது அவர்களுடைய வலப்பக்கம். சந்தேகம் இருப்பவர்கள் உற்சவத்தன்று சன்னிதிக்கு வரலாம். பட்டை நான்தான் எடுத்துக்கொண்டு வருவேன். துண்டு இடுப்பில் இருக்கும்.